சந்தனம் வச்ச ஸ்பேனர்

போன ஞாயித்துக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலைதான் இருந்துச்சு. அழகர்கோவிலுக்குப் போய்ப் பதினெட்டாம்படிக் கருப்பனுக்குச் சந்தனம் குடுத்துக் கும்பிட்டு, மத்தியானம் நடை சாத்துறதுக்குள்ள அழகரையும் பார்த்துட்டு, பிரசாத தோசை வாங்கிட்டு வரணும்.

அம்புட்டுத்தான்.

சின்ன மகளுக்குப் பிரசவம் சுகமா முடியணும்னு வேண்டிக்கிட்டது. முடிஞ்சு, பேரனுக்கு மூணு மாசமும் ஆயிருச்சு. இனியும் கருப்பனைக் காக்க வச்சா நல்லாயிருக்காது. மத்த சாமின்னா கொஞ்சம் பொறுத்துக்கும். கருப்பன் கையில அருவா வச்சிருக்காரு.

கார் இருக்கு. ஓட்டுறதுக்கு எங்க வீட்டுக்காரர் இருக்காரு. கோச்சடையில கிளம்பினா ஒரு மணி நேரப் பயணம். இதுல என்ன வம்பு வந்துரப் போகுதுன்னு நீங்க கேட்கலாம்.

வம்பு என்னன்னா, அன்னைக்கு எங்க வீட்டுல மூணு மெக்கானிக் இருந்தாங்க.

எங்க வீட்டுக்காரர் விமானப்படையில எஞ்சின் மெக்கானிக்கா இருந்து ரிட்டயர் ஆனவரு. அவரோட பழைய தோஸ்துங்க ரெண்டு பேரு, பாண்டி அண்ணனும் சேவியர் அண்ணனும், சனிக்கிழமை வந்து இறங்கிட்டாங்க. பதினெட்டு வயசுல வடக்கே ஏதோ ஒரு விமானத் தளத்துல மூணு பேரும் ஒண்ணா டெக்னிக்கல் டிரெயினிங் எடுத்தவங்க. இப்ப மூணு பேருக்கும் அறுபத்தாறு. ஆனா ஒண்ணா சேர்ந்துட்டா பதினெட்டுதான்.

பாண்டி அண்ணனை அவங்க யாரும் பாண்டின்னு கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "டேய் டென்-லெவன், இட்லிய இங்கிட்டு தள்ளு!" இப்படித்தான்.

டென்-லெவன்னா ஒரு பக்கம் பத்து, ஒரு பக்கம் பதினொண்ணு சைஸ் இருக்கிற சின்ன ஸ்பேனர். அந்தப் பேரு எப்படி வந்துச்சுன்னு காலையில இட்லி சாப்பிடும்போது சேவியர் அண்ணன் சொன்னாரு.

"தங்கச்சி, அங்க வேலை முடிஞ்சா எல்லா டூல்ஸையும் எண்ணிப் பார்க்கணும். ஒண்ணு குறைஞ்சாலும் விமானம் நகரக் கூடாது. ஏன்னா அது எஞ்சினுக்குள்ள கிடந்துச்சுன்னா? மேல போனதும் முடிஞ்சது கதை! ஒரு நாள் ஒரு டென்-லெவன் ஸ்பேனரைக் காணோம். அன்னைக்கு டூல் ரூம் டூட்டி யாரு? நம்ம அய்யாதான்!"

"நான் தொலைக்கலடா"ன்னாரு பாண்டி அண்ணன், சட்னியைப் பார்த்துக்கிட்டே.

"ஞாயித்துக்கிழமை வெளிய போக விடல. கோழிக்குழம்பு கட்! அறுபது பேரும் வெயில்ல முட்டி போட்டுத் தேடினோம். மறுநாள் புல்லுக்குள்ளருந்து கண்டுபிடிச்சது யாருங்கிறீங்க?"

"யாருண்ணே?"

"இவனேதான்! தொலைச்சவனுக்குத்தானே தெரியும், எங்க போட்டோம்னு! சார்ஜண்ட் அந்த ஸ்பேனரை இவன் கழுத்துல கட்டி விமானம் நிறுத்துற ஹேங்கரைச் சுத்தி ஓட விட்டாரு. அறுபது பேரும் கைதட்டுனோம்."

"நான் தொலைக்கலடா"ன்னாரு மறுபடி. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு. ஆனா ஒரு இட்லியைப் பாதியில வச்சுட்டாரு.

எங்க வீட்டுக்காரர் "சாம்பார் இருக்கா?"ன்னு கேட்டாரு. முன்னாடி சாம்பார் வாளி இருந்துச்சு.

சரி, கிளம்பலாம்னு பார்த்தா, "அம்பது கிலோமீட்டர் போயிட்டு வரணும். வண்டியை ஒரு தடவை செக் பண்ணிரலாம்"னாரு எங்க வீட்டுக்காரர். மத்த ரெண்டு பேருக்கும் முகத்துல லைட் எரிஞ்சது. விமானத்தை அனுப்புற மாதிரியே காரைச் சுத்தி வந்தாங்க. ஒருத்தர் டயரைத் தட்டுறாரு. ஒருத்தர் ஆயிலை மோந்து பார்க்கிறாரு. ஹார்ன் அடிக்கலன்னு தெரிஞ்சதும் அம்புட்டு சந்தோஷம்! பிரச்சினை கெடச்சிருச்சில்ல!

எங்க வீட்டு கார் ஷெட்டுல ஒரு பலகை உண்டு. அதுல எல்லா டூல்ஸும் தொங்கும். ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி அதே உருவத்தைச் சிவப்பு பெயிண்டுல வரைஞ்சு வச்சிருக்காரு. ஒண்ணை எடுத்தா அந்த இடம் செக்கச்செவேர்னு தெரியும். டிரெயினிங்ல கத்துக்குடுத்ததாம். பக்கத்துலயே ஒரு நோட்டு. எடுக்கிறவங்க கையெழுத்துப் போடணும். கல்யாணமான புதுசுல சாமி படத்துக்கு ஆணி அடிக்கச் சுத்தியலை எடுத்ததுக்கு நானே கையெழுத்துப் போட்டிருக்கேன்.

அன்னைக்கு டூல்ஸை எடுத்துட்டு வந்தது பாண்டி அண்ணன். மொத்தமா ஒரு கூடையில அள்ளிப் போட்டு, "ஸ்பேனர் பன்னெண்டு"ன்னு எழுதிக் கையெழுத்தும் போட்டுட்டாரு. எண்ணல. நம்ம சோமு பலகையில குறையுமா என்னன்னு எங்க வீட்டுக்காரர் மேல ஒரு நம்பிக்கை.

ஹார்ன் பத்து நிமிசத்துல சரியாயிருச்சு. பாம்னு அடிச்சுக் காட்டுனாங்க. நான் பூக்கூடையும் கையுமா வாசல்ல நின்னேன்.

டூல்ஸைப் பலகையில மாட்டுனாங்க.

பலகையில ஒரு இடம் சிவப்பா இருந்துச்சு.

"டென்-லெவன்!"னு கத்துனாரு சேவியர் அண்ணன். பாண்டி அண்ணன், "என்னடா?"ன்னாரு. "உன்னைய இல்லடா. ஸ்பேனரைக் காணோம்!"

அவ்வளவுதான். கார் கதவைச் சாத்தி, சாவியைப் பிடுங்கி, "யாரும் நகரக் கூடாது"ன்னுட்டாரு சேவியர் அண்ணன்.

"என்னங்க, அது வேற எங்கயாச்சும் கிடக்கும். போயிட்டு வந்து தேடலாமே"ன்னேன்.

எங்க வீட்டுக்காரர் என்னைய ஏதோ கெட்ட வார்த்தை பேசினவ மாதிரி பார்த்தாரு. "ஏய் செல்வி, எஞ்சினுக்குள்ள கிடந்தா?"

தேடுனாங்க. மூணு பேரும் தோளோடு தோள் ஒட்டி, குனிஞ்சு, வாசல்லருந்து தெரு வரைக்கும் ஒரே வரிசையா நடந்தாங்க. தேடி முடிச்ச இடத்துல சாக்பீஸால பெருக்கல் குறி போட்டாங்க. போன வருசம் தொலைஞ்ச என் மெட்டி கெடச்சது. பேனா மூடி ரெண்டு கெடச்சது. ஸ்பேனர் கெடைக்கல. சேவியர் அண்ணன் முட்டி போட்டவரு எந்திரிக்க முடியாம, ரெண்டு பேரு சேர்ந்து தூக்குனாங்க. "டேய் மெதுவா, மெதுவா! ஒரு பார்ட் கழண்டுருச்சு!"ன்னு அவரு சிரிக்க, இவங்க சிரிக்க, தூக்கினவரை மறுபடி கீழ போட்டுட்டாங்க.

மணி ஒம்பது.

அடுத்து காரைக் கழட்ட ஆரம்பிச்சாங்க. முன் சீட்டு ரெண்டும் தெருவுக்கு வந்துச்சு. கால்மிதி மேட்டு வந்துச்சு. பேட்டரி வந்துச்சு. எதிர்வீட்டு லட்சுமி அக்கா வெளிய வந்து பார்த்துட்டு, "என்ன செல்வி, வீடு காலி பண்றீங்களா?"ன்னு கேட்டுச்சு.

"இல்லக்கா, கோவிலுக்குக் கிளம்புறோம்"னேன்.

அக்கா வந்து ஒரு சீட்டுல உட்கார்ந்துக்கிச்சு.

எனக்குன்னா கண்ணு கலங்கிருச்சு. நடை சாத்திருவாங்க. சாயங்காலம் இவங்களுக்கு ரயிலு. பிள்ளையாரப்பா, அந்த ஸ்பேனரைக் கண்ணுல காட்டு, இப்பவே உனக்கு ஒரு தேங்காய் உடைக்கிறேன்னு வேண்டிக்கிட்டு, பூக்கூடைக்குள்ள தேங்காயைத் தேடிக் கையை விட்டேன்.

தேங்காய்க்கு அடியில என்னமோ சில்லுன்னு தட்டுப்பட்டுச்சு.

வாழையிலையில சுருட்டி, நூல் கட்டி, சந்தனம் தடவி, குங்குமம் வச்சு, டென்-லெவன்!

அப்பத்தான் எல்லாம் ஞாபகத்துக்கு வருது. எங்க பக்கம் கருப்பன்கிட்ட போகும்போது வீட்டுல புழங்குற இரும்புச் சாமான் ஒண்ணைக் கொண்டு போய், கருப்பனா நாங்க கும்பிடுற அந்த அடைச்ச கதவுக்கு முன்னாடி வச்சு எடுத்துட்டு வருவோம். எங்க அப்பா அருவா கொண்டு போவாரு. எங்க வீட்டுல இருக்கிறது அருவாமனைதான். அதைக் கூடையில வச்சா கையை அறுத்துரும். அதான் விடியக்காலையில அஞ்சு மணிக்கு, குளிச்ச கையோட ஷெட்டுக்குப் போய், கைக்கு அடக்கமா ஒண்ணை எடுத்து, மூணு பேருக்கு இட்லி ஊத்துற அவசரத்துல அப்படியே மறந்து தொலைச்சிருக்கேன்.

கையெழுத்து வேற போடல.

பிள்ளையார் இம்புட்டு வேகமா வேலை செஞ்சு நான் பார்த்ததில்லை.

உடனே சொல்லியிருக்கணும். வாயைத் திறந்தேன். அதே நேரம் சேவியர் அண்ணன் சொல்றாரு, "எண்ணாம கையெழுத்துப் போட்டிருக்கான் பாரு! நாப்பத்தெட்டு வருசம் ஆகியும் இவன் திருந்தலடா!" எங்க வீட்டுக்காரர், "விடுடா"ங்கிறாரு. தெருவுல சீட்டு கிடக்கு, பேட்டரி கிடக்கு, லட்சுமி அக்கா கிடக்கு. இந்த நேரத்துல போய், நான்தாங்க எடுத்தேன்னு எப்படிச் சொல்ல?

வாயை மூடிக்கிட்டேன்.

நைசா திருப்பி வச்சிரலாம்னு முடிவு பண்ணுனேன். இலையைப் பிரிச்சு, முந்தானையில சந்தனத்தைத் துடைச்சு, இடுப்புல சொருகிக்கிட்டு ஷெட்டுக்குப் போனேன். பலகைக்கு முன்னாடி சேவியர் அண்ணன் கையைக் கட்டிக்கிட்டுக் காவலுக்கு நிக்கிறாரு. "என்னம்மா வேணும்?"

"ஒண்ணுமில்லண்ணே. காத்து வாங்க வந்தேன்."

"ஷெட்டுக்குள்ளயா?"

காருக்கு அடியில போடலாம்னு போனேன். அங்க சாக்பீஸ்ல பெருக்கல் குறி. தேடி முடிச்ச இடத்துல ஸ்பேனர் கெடச்சா தேடுனவருக்குக் கேவலம்.

கடைசியில கேட்டுக்குப் பக்கத்துல இருந்த செம்பருத்தித் தொட்டிக்குள்ள போட்டுட்டு, "சேவியர் அண்ணே, அந்தத் தொட்டியைப் பார்த்தீங்களா?"ன்னு குரல் குடுத்தேன். அவரு பார்த்து எடுத்துருவாரு, யாருக்கும் பழி இல்லைன்னு என் கணக்கு.

சேவியர் அண்ணனுக்குத்தான் முட்டி வலிக்குதே!

"டேய் டென்-லெவன், நீ போய்ப் பாருடா"ன்னுட்டாரு.

பாண்டி அண்ணன் போறாரு. குனியிறாரு. கையை விடுறாரு. சின்னப்புள்ள மாதிரி ஸ்பேனரைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, "கெடச்சிருச்சுடா!"ன்னு ஒரு குதி குதிச்சாரு.

யாரும் குதிக்கல.

சேவியர் அண்ணன் மெதுவா கைதட்டுனாரு. "அன்னைக்கும் நீதான் எடுத்துக் குடுத்த. இன்னைக்கும் நீதான். மாப்ள, நீ நெசமாவே டென்-லெவன்தாண்டா!"

அண்ணன் முகத்தைப் பார்க்கணுமே. சிரிப்பு அப்படியே நின்னு போச்சு. அந்த ஸ்பேனரைச் சட்டைப் பையில போட்டாரு.

"கழட்டுன காரைப் பூட்டுங்கடா. எங்கன போறோம்? கருப்பன்கிட்டதானே? அந்தக் கதவுக்கு முன்னாடி சூடம் ஏத்திச் சத்தியம் பண்றேன். அன்னைக்கும் நான் தொலைக்கல, இன்னைக்கும் நான் தொலைக்கல. அதுக்கப்புறம் எவனாச்சும் என்னைய டென்-லெவன்னு கூப்பிட்டா, கருப்பன் பார்த்துக்கிடட்டும்."

வெளியூர்க்காரங்களுக்காகச் சொல்றேன். பதினெட்டாம்படிக் கருப்பன் வாசல்ல யாரும் விளையாட்டுக்குச் சத்தியம் பண்ண மாட்டாங்க. அண்ணன் தம்பி தகராறெல்லாம் அங்க போய்த்தான் தீரும். பொய் சொன்னவன் அந்தக் கதவுக்கு முன்னாடி நிக்க மாட்டான். அண்ணன் நிக்கலாம், உண்மைதானே சொல்றாரு. ஆனா ஒண்ணும் தெரியாதவ மாதிரி பக்கத்துல நிக்கப் போற நான்?

ஒரு வழியா காரைப் பூட்டி, லட்சுமி அக்காவை எந்திரிக்கச் சொல்லிச் சீட்டையும் மாட்டிக் கிளம்பும்போது மணி பத்தே முக்கால்.

இப்பத்தான் ஒரு அதிசயம் நடந்துச்சு. எங்க வீட்டுக்காரர் வண்டியை இருபதுல ஓட்டுறாரு. பின்னாடி வந்த மாட்டு வண்டிக்கெல்லாம் வழி விடுறாரு.

"என்னங்க, உடம்புக்கு முடியலையா?"

"இல்ல செல்வி... நடை சாத்திருப்பாங்களோ? இன்னொரு நாளைக்கு வருவோமா?"

"ஆமாங்க, இன்னொரு நாளைக்கு வருவோம்"னேன் நான், அவரு முடிக்கிறதுக்கு முந்தியே.

பாண்டி அண்ணன் திரும்பிப் பார்த்தாரு. "ஏன் தங்கச்சி, காலையில வேண்டுதல், நடை சாத்திருவாங்கன்னு அம்புட்டு அழுகை அழுதீங்க?"

"வேண்டுதல்தாண்ணே. கருப்பன் கோவிச்சுக்க மாட்டாரு."

"கார்ல சந்தன வாசம் கும்முன்னு அடிக்குதே?"

"அவருக்கு வாங்குன சந்தனம்ணே." அது காலுக்கடியில டப்பாக்குள்ள மூடி இருந்துச்சு. வாசம் அவரு சட்டைப் பையிலருந்து வருது.

போய்ச் சேர்ந்துட்டோம். அடைச்ச பெரிய கதவு, மேல பூசின சந்தனம், சாத்துன மாலை. பாண்டி அண்ணன் துண்டை இடுப்புல கட்டிக்கிட்டாரு. ஸ்பேனரைக் கதவுக்கு முன்னாடி வச்சாரு. பூசாரி அதை ஒரு மாதிரி பார்த்தாரு. சூடம் ஏத்தியாச்சு. சேவியர் அண்ணன், "நான் சர்ச்சுக்குப் போற வேதக்காரன், தள்ளி நின்னு சாட்சி சொல்றேன்"னு தூணோரமா ஒதுங்கிட்டாரு.

அண்ணன் கையைத் தூக்குனாரு.

"நான்தாண்ணே எடுத்தேன்!"

"நான்தாண்டா எடுத்தேன்!"

முதல் சத்தம் என்னோடது. ரெண்டாவது சத்தம் எங்க வீட்டுக்காரரோடது!

நான் அவரைப் பார்க்க, அவரு என்னைப் பார்க்க, பூசாரி எல்லாரையும் பார்த்துட்டுச் சொன்னாரு: "சத்தியம் பண்ண வந்தவரு இன்னும் வாயவே திறக்கலையேப்பா."

"புருசனும் பொண்டாட்டியும் சேர்ந்தாடா எடுத்தீங்க?"ன்னு கேட்டாரு பாண்டி அண்ணன்.

"இன்னைக்கு எடுத்தது யாருன்னு எனக்குத் தெரியாதுடா"ன்னாரு எங்க வீட்டுக்காரர். வேர்த்துக் கொட்டுது. "நான் அன்னைக்கு எடுத்ததைச் சொல்றேன்."

அப்புறம் எல்லாம் வெளிய வந்துச்சு. டிரெயினிங்ல தங்கியிருந்த பாரக்ஸ்ல அவரோட கட்டில் திரும்பிப் படுத்தா கிரீச், புரண்டு படுத்தா கிரீச்சுன்னு கத்துமாம். பக்கத்துக் கட்டில்காரன் பூட்ஸைக் கழட்டி எறிஞ்சானாம். ஒரே ஒரு நட்டை முறுக்கிட்டு வச்சிரலாம்னு ஸ்பேனரைப் பைக்குள்ள போட்டுக்கிட்டு வந்துட்டாரு. அதுக்குள்ள எண்ணிட்டாங்க. சார்ஜண்ட் போட்ட சத்தத்துல இவரு பயந்து போய், விடியக்காலையில ஹேங்கர் பக்கத்துல புல்லுக்குள்ள வீசிட்டாரு. "நீ போய் எடுப்பன்னு சத்தியமா நினைக்கலடா. சேவியர் எடுப்பான்னு நினைச்சேன்"னாரு.

நான் போட்ட அதே செம்பருத்தித் தொட்டிக் கணக்கு!

எங்களுக்குக் கல்யாணமாகி நாப்பது வருசம் ஆகப் போகுது. இம்புட்டுப் பொருத்தம் இருக்கும்னு ஜாதகம் பார்த்தவரு சொல்லவே இல்ல.

"பூட்ஸை எறிஞ்சது நான்தான்"னு தூணோரத்துலருந்து சத்தம் வந்துச்சு. சேவியர் அண்ணன்தான்.

பாண்டி அண்ணன் இடுப்புத் துண்டை அவுத்து உதறுனாரு. சண்டை வரப் போகுதுன்னு நினைச்சேன். நானும் ஸ்பேனர் கதையைச் சொல்லி, "மன்னிச்சிருங்கண்ணே"ன்னு கையெடுத்துக் கும்பிட்டேன்.

"நாப்பத்தெட்டு வருசமாடா!"ன்னாரு கடைசியா. "என் கல்யாணத்துக்கு நீங்க அனுப்புன தந்தியில கூட 'டென்-லெவனுக்கு வாழ்த்துக்கள்'னு போட்டிருந்துச்சு. என் மாமனார் அதைப் படிச்சுட்டு, மிலிட்டரி ரகசியம்னு மடிச்சுப் பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டிட்டாரு!"

சொல்லி முடிக்கல, அவருக்கே சிரிப்பு வந்துருச்சு. எங்க எல்லாருக்கும் வந்துருச்சு. பூசாரிக்கும் வந்துருச்சு. கண்ணுல தண்ணி வர வர சிரிச்சுட்டு, அண்ணன் என் பூக்கூடையிலருந்து ஒரு முழம் வாழைநாரை உருவுனாரு. ஸ்பேனரை அதுல கட்டி, எங்க வீட்டுக்காரர் கழுத்துல மாட்டுனாரு.

"மூணு சுத்து. காரைச் சுத்தி. ஓடு!"

அறுபத்தாறு வயசு மனுசன் ஓடுனாரு. நானும் குத்தவாளிதானேன்னு பின்னாடியே பூக்கூடையோட ஓடுனேன். குரங்கு ரெண்டு தேங்காய்க்காக என் பின்னாடி ஓடுச்சு. சேவியர் அண்ணன் முட்டியைப் பிடிச்சுக்கிட்டு, "லெஃப்ட் ரைட், லெஃப்ட் ரைட்"ங்கிறாரு. பாண்டி அண்ணன் கைதட்டுனாரு பாருங்க, அப்படி ஒரு கைதட்டல்! அறுபது பேரு தட்டுனதை ஒத்த ஆளா திருப்பித் தட்டுனாரு.

பஸ்ல வந்து இறங்குன ஒரு அம்மா பயபக்தியா என்கிட்ட வந்து, "இது என்ன நேர்த்திக்கடன்மா? எத்தனை வாரம் பண்ணணும்?"னு கேட்டாங்க.

"ஒரு வாட்டி போதும்மா. ஆனா நாப்பத்தெட்டு வருசம் காத்திருக்கணும்"னேன்.

நடை சாத்துறதுக்கு அஞ்சு நிமிசம் இருக்கையில உள்ள ஓடி அழகரைக் கும்பிட்டாச்சு. கருப்பனுக்குச் சந்தனமும் குடுத்தாச்சு. தோசையும் வாங்கியாச்சு. ரெண்டு தோசை குரங்குக்குப் போச்சு.

மறுநாள் அவங்க வாட்ஸப் குரூப்புல சேவியர் அண்ணன் அறிவிப்பு போட்டுட்டாரு. இனிமே பாண்டி அண்ணன் பேரு பாண்டிதான். டென்-லெவன்ங்கிற பேரு எங்க வீட்டுக்காரருக்கு மாத்தல் ஆயிருச்சு.

புண்ணியம் தேடிப் போனவளுக்குக் கருப்பன் குடுத்தது அடுத்த சைஸ் ஸ்பேனரோட பேரு: நான் இப்ப ட்வெல்வ்-தர்ட்டீன்.